கடல்பாசித் தொட்டி படுத்துகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பவளத் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல்பாசித் தொட்டிக்கு வரும்போது பழைய பழக்கம் ஒன்றும் கூடவே வந்துவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். நானும் அப்படித்தான் வந்தேன். அங்கே பாசி எதிரி, இங்கே பாசிதான் பயிர். பயிரைப் பட்டினி போட்டுவிட்டு, களை மட்டும் எப்படி வளர்கிறது என்று மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பட்டினிக் கதைதான். ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் பாசிக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மற்றதைத் தேடலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

இந்த எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை. வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி. நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 15 மி.கி. பாஸ்பேட் லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மி.கி. பி.எச்.சைக் காலையில் விளக்கு எரிவதற்கு முன் ஒரு முறையும், இரவு அணைவதற்கு முன் ஒரு முறையும் பாருங்கள். பாசித் தொட்டியில் ஒரே ஒரு பி.எச். அளவு எதையும் சொல்லாது.

கருவியையும் சந்தேகப்படுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தூய நீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 பி.பி.டி. திட்டக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். முள் ஆடும் பழைய வகை உப்புமானியில் முள்ளின்மேல் ஒரு குமிழி ஒட்டியிருந்தால்கூட அளவு ஏறிக் காட்டும். நைட்ரேட் சோதனைக் கிட்டில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. நானும் தினமும் நைட்ரேட் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குப்பி கைதவறித் தரையில் உருண்டது. எடுத்துப் பார்த்தால் அடியில் கெட்டியாகப் படிந்து கிடந்த பொடி கலங்கி மேலே வந்திருந்தது. அந்தக் குப்பியில் சோதித்தபோது நிறம் நேராக அடர்சிவப்புக்குப் போனது. இத்தனை நாளும் குலுக்காமலே சொட்டு விட்டிருக்கிறேன். பொடி படியும் குப்பி என்றால் அரை நிமிடமாவது நன்றாக அடித்துக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும்.

இன்னொன்று: ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். விளக்கையும் உரத்தையும் நீரோட்டத்தையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

விடிகாலையில் தண்ணீர் பச்சைப் பாலாக நிற்கிறது

இருப்பதிலேயே அவசரமான கேஸ் இதுதான். தொட்டியில் காலெர்பா என்ற பச்சைப் பாசி இருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், அது வித்து விட்டிருக்கிறது. காலெர்பா ஒரு விசித்திரமான உயிர். ஓடுதண்டு, இலை, வேர் மாதிரித் தெரிவதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு செல். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. அது இனப்பெருக்கம் செய்ய முடிவெடுத்தால் உடம்பில் இருப்பதையெல்லாம் இனச்செல்லாக மாற்றி விடியும் நேரத்தில் வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது வெள்ளைக் கூடு. வில்லைகளைக் கோத்ததுபோல் இருக்கும் ஹாலிமெடா என்ற பாசியும் இதே வேலையைச் செய்யும்.

முன்னறிவிப்பு உண்டு. முந்தைய நாளே இலைகளில் பச்சை திட்டுத்திட்டாகவோ வலை பின்னியதுபோலவோ ஒதுங்கி, இடையிடையே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அந்த ஓடுதண்டை முழுசாக உருவி எடுத்துவிடுங்கள். காத்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டது என்றால் பயப்பட வேண்டியது ஆக்சிஜன் குறைவதற்குத்தான். காற்றுக் கல்லைப் போடுங்கள், ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) முழு வேகத்தில் ஓட்டுங்கள். வெள்ளைக் கூடுகளை எல்லாம் வழித்தெடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, அன்று மீனுக்குத் தீனியை நிறுத்துங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். பச்சையாக மிஞ்சிய துண்டு ஏதாவது இருந்தால் அதிலிருந்தே மறுபடி தளிர்க்கும்.

மறுபடி வராமல் இருக்க? சிலர் விளக்கை 24 மணி நேரமும் எரிய விடுகிறார்கள். மறைவாக வைத்த ரெஃப்யூஜியத்துக்கு (பாசி வளர்க்கும் துணைத் தொட்டி) அது சரி, ஆனால் மீன் இருக்கும் காட்சித் தொட்டியில் எப்படி? என் வழி ஒழுங்கான அறுவடை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழைய ஓடுதண்டுகளை எடுத்துவிட்டு இளசுகளை விட்டுவைக்கிறேன். எடுக்கும்போது கத்தரிக்கோலால் புல் வெட்டுவதுபோல் நறுக்கக் கூடாது. ஒரே செல் அல்லவா, ஒவ்வொரு வெட்டிலும் சாறு கசியும். காயத்தை அதுவே அடைத்துக்கொள்ளும்தான். ஆனால் ஒரே சமயத்தில் ஐம்பது இடத்தில் வெட்டினால் கசிவதெல்லாம் தொட்டியில்தான் கலக்கும். ஓடுதண்டை விரலால் பிடித்து, வேரோடு மெல்ல உரித்தெடுப்பதே நல்லது.

நிறம் வெளுக்கிறது, வளர்ச்சி நின்றுவிட்டது

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 106:16:1 என்ற அணு விகிதத்தில் இருக்கும். ரெட்ஃபீல்டு விகிதம் என்பது இதுதான். தரையில் ஒட்டி வளரும் கடல் தாவரங்களை 1983இல் அட்கின்சனும் ஸ்மித்தும் பார்த்தபோது கிடைத்தது ஏறக்குறைய 550:30:1. ஆக, ஒரு பங்கு பாஸ்பரஸுக்குப் பாசி கேட்கும் நைட்ரஜன் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கிட் காட்டும் எடைக் கணக்குக்கு மாற்றினால், 1 மி.கி. பாஸ்பேட்டை உறிஞ்ச அதற்குச் சுமார் 20 மி.கி. நைட்ரேட் வேண்டும். மீன் தீனியில் பாஸ்பரஸின் பங்கு இதைவிட அதிகம். அதனால் தீனியை மட்டும் நம்பி ஓடும் தொட்டியில் பெரும்பாலும் நைட்ரேட் முதலில் தீர்ந்துபோகும், பாஸ்பேட் 0.2, 0.3 என்று மிஞ்சி நிற்கும். பாஸ்பேட் ஏறிவிட்டதே என்று பாஸ்பேட் நீக்கி வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. பசியில் இருப்பவன் தட்டில் மிச்சமிருந்த குழம்பையும் எடுத்துவிட்ட கதைதான். நைட்ரேட்டைக் கொடுங்கள், பாஸ்பேட் தானாக இறங்கும்.

எவ்வளவு கொடுப்பது? 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சோடியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் லிட்டருக்குச் சுமார் 7 மி.கி. ஏறும். பொட்டாசியம் நைட்ரேட் என்றால் சுமார் 6 மி.கி. கடல்நீரில் பொட்டாசியம் ஏற்கெனவே லிட்டருக்கு 400 மி.கி. அளவில் இருப்பதால், நீண்ட நாள் கொடுப்பதற்கு நான் சோடியம் நைட்ரேட்டையே எடுப்பேன். தூய நீரில் தனியாகக் கரைத்து, நாளுக்கு 2 மி.கி.க்கு மேல் ஏறாதபடி, ஓட்டமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். எப்போதாவது பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருந்தால், 1 லிட்டரில் 1 கிராம் மோனோபொட்டாசியம் பாஸ்பேட் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மி.லி. எடுத்து 100 லிட்டருக்கு விட்டால் 0.07 மி.கி. ஏறும். மருந்து மாதிரி அளந்துதான். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் வேலை ஆகாது.

வெளுக்கும் விதத்தையும் கவனியுங்கள். செடி முழுக்க, அதிலும் பழைய பாகங்கள் முதலில் வெளுத்தால் நைட்ரஜன் போதவில்லை. பழசு பச்சையாக இருந்து புதுத் தளிர் மட்டும் மஞ்சளாக வந்தால் இரும்பின் பக்கம் சந்தேகம் போக வேண்டும். கடல்நீரின் பி.எச்.சில் இரும்பு வெகு சீக்கிரம் துருவாகிப் படிந்துவிடும். அதனால் கீலேட் செய்த (படியாமல் கரைந்தே நிற்கும்) இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரம் இரண்டு மூன்று முறை கொடுப்பது, ஒரே நாளில் நிறையக் கொட்டுவதைவிட நல்லது.

சிவப்புப் பாசிகளுக்கு வேறு கணக்கு. கஞ்சிப்பாசி இருக்கிறதே, அந்த கிராசிலேரியா இனத்துப் பாசிகளும் ஹாலிமீனியாவும் சிவப்பாக இருப்பது ஃபைகோஎரித்ரின் என்ற புரத நிறமியால். புரதம் என்பதால் அது அவற்றுக்கு நைட்ரஜன் சேமிப்பும்கூட. வெளியே நைட்ரேட் கிடைக்காதபோது நிறமியையே உடைத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகும், பிறகு வைக்கோல் நிறமாகும். ஆனால் வெளிச்சம் அதிகமானாலும் இதே நிறமாற்றம்தான் வரும். பிரித்தறிய, செடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளக்கைப் பார்த்த மேல்பக்கம் வெளுத்து, நிழலில் இருந்த அடிப்பக்கம் இன்னும் சிவப்பாக இருந்தால் குற்றவாளி விளக்கு. அந்தப் பாசியைப் பாறை நிழலுக்கு இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் பசி.

பச்சைப் பாசி வெளுக்கவில்லை, ஆனால் ஒல்லியாக நீண்டு நீண்டு போகிறது என்றால் வெளிச்சம் போதவில்லை. பவளத்துக்கான ஊதா-நீல விளக்கு கண்ணுக்கு அழகு. இங்கே 6500 கெல்வின் அளவிலான வெள்ளை வெளிச்சம் சேர்த்து, நாளுக்கு 10 மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு பொய் அலாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹாலிமெடாவின் நுனியில் காலையில் வெள்ளை வில்லை ஒன்று புதிதாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அது இரவில் முளைத்த புதுத் துண்டு; நிறமில்லாமல் வெளிவந்து, விடிந்தபின் பச்சை ஏறும். இரவில் ஹாலிமெடா தன் பசுங்கணிகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் விளக்கு அணைந்தபின் செடி முழுக்கவே வெளிறித் தெரியும். நடுப்பகலிலும் துண்டுகள் வெள்ளையாக, அதுவும் அடியிலிருந்து வரிசையாக வந்தால்தான் கவலை. அப்போது காரத்தன்மையையும் கால்சியத்தையும் பாருங்கள்.

வாங்கி வைத்த பாசி ஒரே வாரத்தில் கரைகிறது

பெரும்பாலும் நட்ட விதம் தவறு. கடல்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருப்பது பிடிமானம் மட்டுமே. உணவை உடம்பு முழுதாலும் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. காலெர்பாவின் ஓடுதண்டை மணலில் புதைக்கக் கூடாது. மணல்மேல் கிடத்தி ஒரு சின்னக் கல்லை வைத்தால் போதும், அதுவே கால் ஊன்றும். பெனிசில்லஸ், உடோட்டியா, மணலில் நிற்கும் வகை ஹாலிமெடா ஆகியவற்றுக்கு அடியில் மணல் ஒட்டிய முண்டு இருக்கும். அந்த முண்டு மட்டும் மணலுக்குள் போக வேண்டும். கிராசிலேரியா, ஹாலிமீனியா, பொட்ரியோகிளாடியா, சர்காசம் எல்லாம் பாறைப் பிரஜைகள். மணலில் செருகினால் செருகிய இடத்திலிருந்தே கூழாகும். தூண்டில் நூலால் கட்டுங்கள், அல்லது ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையால் கல்லில் ஒட்டுங்கள். நூல்கண்டு போன்ற கீட்டோமார்ஃபாவுக்கு எதுவும் வேண்டாம், சும்மா மிதந்து உருண்டாலே சந்தோஷம்.

நட்டது சரி, ஆனாலும் கரைகிறது என்றால் உப்பளவு வித்தியாசம். பாசிதானே என்று பையிலிருந்து நேராகப் போடுகிறோம். பை நீருக்கும் தொட்டி நீருக்கும் இடையே பெரிய உப்பு வித்தியாசம் இருந்தால் செல்லே வெடிக்கும். ஒரே செல்லாக இருக்கும் காலெர்பாவுக்கு அது மொத்தச் செடியின் சாவு. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து பழக்குங்கள். முதல் வாரம் விளக்கையும் பாதி அளவில் வையுங்கள்.

உப்பு தானாக ஏறுவதும் உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். குறைந்த நீரை உப்புநீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் ஊறுகாய் ஜாடிதான். நிரப்புவதற்குத் தூய ஆர்.ஓ.டி.ஐ. நீர் (சவ்விலும் பிசினிலும் வடித்தது) மட்டும். குழாய்நீரில் குளோரின் இருக்கலாம், தாமிரம் இருக்கலாம், சிலிகேட் இருக்கலாம். தாமிரம் கலந்த மீன் மருந்து ஒரு முறை போட்ட தொட்டி என்றால், அந்த மணலையும் பாறையையும் பாசிக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நிம்மதி.

பழுப்பாக, சிவப்பாக ஏதோ படர்கிறது

மூன்று ஆட்கள் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஆளைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தியம் பார்த்தால் ஒருவனுக்கான மருந்து இன்னொருவனுக்குத் தீனியாகும்.

புதுத் தொட்டியில், கண்ணாடியிலும் மணலிலும் மாவு தூவியதுபோல் பழுப்பு, விரலால் துடைத்தால் புகையாகக் கலைகிறது என்றால் டயாட்டம் என்ற நுண்பாசி. தண்ணீரில் இருக்கும் சிலிகேட் தீர்ந்ததும் அதுவே போய்விடும். இதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம்.

சிவப்போ கருஞ்சிவப்போ, வெல்வெட் போர்வைபோல் விரிந்து, ஓரத்தைத் தூக்கினால் தோலாக உரிகிறது, ஒருவித மண்வாடை வருகிறது என்றால் சயனோபாக்டீரியா. பெயரில் என்ன இருந்தாலும் அது பாசி அல்ல, பாக்டீரியா. அவற்றில் சில, நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே பிடித்து உரமாக்கிக்கொள்ளும். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் மட்டும் மிச்சம் என்ற தொட்டியில் அவை கொடிகட்டிப் பறப்பது இதனால்தான். மறுபடி பட்டினிக் கதை! குழாயால் உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்புங்கள், நைட்ரேட்டை 5க்கு மேல் நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் ஊற்றினால் போகும்தான், ஆனால் வடிகட்டியில் வேலை செய்யும் நல்ல பாக்டீரியாவையும் பதம் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மூன்றாவது ஆள் டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர். பழுப்பு நிறத்தில் சளிபோல் நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி மாட்டியிருக்கும். இரவில் மறைந்ததுபோல் இருந்து, மறுநாள் மதியத்துக்குள் திரும்பி வரும். நத்தைகள் காரணமில்லாமல் சாகின்றன என்றால் சந்தேகம் உறுதியாகிறது. சில வகைகள் நச்சு உள்ளவை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சளியைக் கொஞ்சம் உறிஞ்சி, தொட்டி நீரோடு ஒரு புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, சமையலறைக் காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் திரண்டால் டைனோதான்.

இதற்கு வைத்தியம் கேட்கத் தலைகீழாக இருக்கும்: உரத்தை ஏற்ற வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்குப் போன தொட்டியைத்தான் இது பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டை 5 முதல் 10, பாஸ்பேட்டைக் குறைந்தது 0.05 என்று பிடித்து வைத்தால் மற்ற உயிர்கள் எழுந்து இடத்தைக் கைப்பற்றும். விளக்கு அணையும் முன் உறிஞ்சி எடுங்கள். இரவில் தண்ணீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியோப்சிஸ் வகை என்றால் யு.வி. விளக்கு நன்றாக வேலை செய்யும். மணலிலேயே குடியிருக்கும் ஆம்பிடினியத்திடம் யு.வி. பலிக்காது. பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

நல்ல பாசியின்மேல் முடிப்பாசி

கிராசிலேரியாவின் ஒவ்வொரு கிளையிலும் பச்சை மயிர் முளைத்ததுபோல் இருக்கும். காரணம், மேலே வளர்வது கீழே வளர்வதைவிட வேகம் என்பதுதான். செடியை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரம்பிய கிண்ணத்தில் விரல்களுக்கிடையே உருவுங்கள். ரொம்பப் பிடித்த கிளையை ஒடித்து எறியுங்கள், வருத்தப்படாதீர்கள். ட்ரோகஸ், செரித் நத்தைகளை விடலாம். விளக்கை இரண்டு வாரத்துக்கு 8 மணி நேரமாகக் குறையுங்கள். உரத்தை நிறுத்துவது மட்டும் வேண்டாம்; பட்டினியை முடிப்பாசி தாங்கும், ஹாலிமீனியா தாங்காது. பெரிய உதவி, புதுத் தொட்டியில் தொடக்கத்திலேயே நிறையப் பாசியை இறக்குவது. இரண்டு கொத்து வைத்து ஆரம்பித்தால் மிச்ச இடத்தையெல்லாம் வேறு யாராவது பட்டா போட்டுக்கொள்வார்கள்.

இறகு மாதிரி நேர்த்தியாக இருக்கும் பச்சை வந்தால் அது புதுக் காலெர்பா என்று ஏமாறாதீர்கள். ஓடுதண்டு இல்லாமல் கொத்தாக, மெல்லியதாக இருந்தால் பிரையாப்சிஸ். காலெர்பா, ஹாலிமெடா, கோடியம் எல்லாம் சேர்ந்த அதே வரிசையின் உறுப்பினர் அது. ஆகையால் பிரையாப்சிஸைக் கொல்லும் மருந்து உங்கள் பயிரையும் தொடலாம். கல்லை வெளியே எடுத்துக் கையால் பிடுங்குவதே மேல். பச்சைக் கண்ணாடிக் குண்டுபோல் வரும் வலோனியாவை உடைக்காமல், அடியில் நகம் கொடுத்து முழுதாகப் பெயர்த்தெடுங்கள்.

மீன்கள் காலையில் மேலே வந்து வாய் திறக்கின்றன

பகல் முழுக்க ஆக்சிஜனைக் கொட்டும் பாசி, விளக்கு அணைந்ததும் நம்மைப்போல் சுவாசிக்கத் தொடங்கிவிடும். 25 டிகிரியில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மி.கி.க்கும் குறைவு, நன்னீரைவிடக் குறைச்சல். தொட்டி நிறையப் பாசி என்றால் விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் ஆபத்தான நேரம். அதே நேரத்தில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். 7.7, 7.8 என்று இறங்கியிருக்கும், மாலையில் 8.5 தொடும். 0.3 அளவு ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் மேற்பரப்பைக் கலக்க வேண்டும்: வேவ்மேக்கரை (அலை எழுப்பும் பம்பு) மேல்நோக்கித் திருப்புங்கள், இரவில் காற்றுக் கல்லை ஓட்டுங்கள், அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். சம்ப்பில் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) கீட்டோமார்ஃபா வைத்து அதற்கு மட்டும் இரவில் விளக்குப் போட்டால் ஆக்சிஜனும் பி.எச்.சும் ஓரளவு சமப்படும்.

மின்சாரம் போய்விட்டால் ஒரு கிண்ணத்தால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். இது புது உத்தி அல்ல. 1840களில் லண்டனில் அன்னா தைன் என்ற பெண்மணி பவளங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தபோது, வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னல் அருகே நின்று தினமும் கடல்நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். பிறகு தைன் அதில் கடல்பாசியையும் சேர்த்தார். நமக்குப் பம்பு வந்துவிட்டது, வேலை அதேதான்.

காரத்தன்மை இறங்கிக்கொண்டே போகிறது

ஹாலிமெடா, பெனிசில்லஸ், பாறையில் படரும் ஊதாக் கோரலைன் பாசி எல்லாம் சுண்ணாம்பு கட்டும் ஆட்கள். 1 டி.கே.எச். இறங்கும்போது கால்சியம் சுமார் 7 மி.கி. இறங்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா 1 டி.கே.எச். ஏற்றும், நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். கால்சியமும் அதற்கேற்றபடி இறங்கியிருந்தால் அதையும் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் பாலாகத் திரிந்துபோகும். இலைகளில் சின்னக் குமிழிகள் முத்துக் கோத்ததுபோல் இருப்பது கோளாறு அல்ல, ஒளிச்சேர்க்கை நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

பாசி காணாமல் போகிறது

கரைந்த சுவடும் இல்லை, நுனிகள் சீராகக் கடிபட்டிருக்கின்றன என்றால் வீட்டுக்குள்ளேயே திருடன். டேங் மீன்கள், முயல்மீன்கள், பெரும்பாலான ஏஞ்சல்கள், கடல்முள்ளெலிகள், கடல்முயல் எதுவும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. டர்போ நத்தை மென்மையான பாசியை மேயும். வலோனியாவைத் தின்னட்டும் என்று விட்ட மரகத நண்டு, அது தீர்ந்ததும் பொட்ரியோகிளாடியாவின் சிவப்புத் திராட்சையில் கைவைக்கும். என் தொட்டியில் மூன்று இரவில் ஒரு கொத்து காலி. கோபி, கோமாளி மீன், கடற்குதிரை, குழல்மீன் எல்லாம் பாசியைச் சீண்டாது. காலெர்பா மட்டும் சாறில்லாமல் வதங்கிப்போகிறதென்றால் இலைக்கடியில் பச்சை நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எலிசியா என்ற கடல் நத்தைப்புழு. சாறைக் குடித்து, அதிலுள்ள பசுங்கணிகத்தைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். அழகுதான், ஆனால் வேறு தொட்டிக்குக் குடிமாற்றுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

ஆழமான மணலின் அடியில் கறுப்புப் படலம் தெரிவது சகஜம். நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிளறாதீர்கள், கிளறினால் நச்சு முழுவதும் ஒரே நேரத்தில் மேலே வரும். நாறும் இடத்தை மட்டும் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரங்களில் உறிஞ்சி எடுங்கள். அடியில் செத்த காலெர்பா ஓடுதண்டு மாட்டியிருப்பதுதான் பல நேரம் காரணம். தண்ணீர் நாறாமல் மஞ்சள் மட்டும் தட்டியிருந்தால் கரைந்த கரிமக் கழிவு. கார்பனை மாற்றினால் போதும்.

ஒன்று மற்ற எல்லாவற்றையும் மூடுகிறது

காலெர்பா அடர்ந்த தொட்டியில் கடைசியில் காலெர்பா மட்டுமே இருக்கும். அதற்குத் தனிக் கல் கொடுத்து, சுற்றி ஒரு விரற்கடை வெறும் இடம் விட்டு, அந்த எல்லையைத் தாண்டும் ஓடுதண்டை வாராவாரம் பிடுங்குங்கள். பிடுங்கும்போது பம்பை நிறுத்திவிடுங்கள். பறக்கும் துண்டு ஒவ்வொன்றும் வேறெங்காவது போய் ஊன்றிக்கொள்ளும்.

பிடுங்கியதைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கடலிலோ போடவே போடாதீர்கள். காலெர்பா டாக்ஸிஃபோலியா 1984இல் மொனாக்கோ கரையோரம் தென்பட்டது, அங்கிருந்து மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவியது. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. சில இடங்களில் காலெர்பா வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அறுவடை செய்ததை ஒரு பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள். கை கழுவிய வாளித் தண்ணீரிலும் துண்டு கிடக்கும். அதையும் துணியில் வடித்துவிட்டு ஊற்றுங்கள்.